வெறும் டப்பா

சகினாலு அவசரக்காரர்கள் செய்யும் பலகாரம் அல்ல. ஊறவைத்து இடித்த அரிசி மாவில் எள்ளும் ஓமமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, ஈரத் துணியை விரித்து, அதன்மேல் மாவை விரலாலேயே முறுக்கி முறுக்கி வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்ற வேண்டும். அச்சோ குழலோ இதற்கு உதவாது. எதிர்வீட்டு சகுந்தலா அக்கா அதைச் சுற்றும்போது அனுபமா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரிக்குக் காராச்சேவு தெரியும், சீவல் தெரியும். இந்த வெள்ளை வளையங்கள் அவளுக்குப் புதிது. தெலுங்கு ஊரான மௌலா அலிக்குக் குடிவந்த பிறகு பார்த்ததுதான்.

"வாய் பாத்துட்டு நின்னா ஆவாது அனு. எண்ணெய் காயுது பாரு, அந்தத் துணிய இப்படித் தள்ளு" என்றாள் சகுந்தலா. அவளுடைய குடும்பம் ரயில்வே பட்டறை வேலைக்காக வேலூர்ப் பக்கமிருந்து என்றோ வந்து, தமிழோடு தெலுங்கையும் தக்கினி உருதுவையும் ஒரே சட்டியில் போட்டு வதக்கிக்கொண்ட குடும்பம். எதற்கு என்பது அவள் வாயில் 'கைக்கு', ஆமாம் என்பது 'ஹவ்', வேண்டாம் என்பது 'நக்கோ'. "கைக்கு இவ்ளோ கேக்கற? எவ்ளோ பேரு போறீங்க மலைக்கு?"

"நானும் அவரும்தான்க்கா. டாக்டர் அவரை நடக்கச் சொல்லிட்டாரு. சுகர் வாசல்ல வந்து நிக்குதாம்."

"நடக்கச் சொன்னா தெருவுல நடக்கணும். உம் புருஷன் குட்டா மேல ஏறுவான். ஹவ், இது மலைக்குச் சரியான சாமான்தான். ஊசாது, ஒழுகாது, கையில ஒட்டாது. ஆனா கவர்ல போட நக்கோ. மேல போறதுக்குள்ள மாவாயிடும். எவர்சில்வர் டப்பாவுல அடுக்கு."

அனுபமா அக்காவின் பழைய டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். சகுந்தலா மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு கைப்பிடி சர்க்கரை.

"உங்க ஊர்ல டப்பாவக் காலியா குடுத்தா கை ஒடிஞ்சிடுமா?"

"வீட்டுல சண்டை வரும்னு சொல்லுவாங்க."

"இங்கயும் அதேதான்" என்று சிரித்த சகுந்தலா, அந்தச் சர்க்கரையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கீசராவைத் தாண்டிப் போகிற சாலையில், மண்பாதை ஒன்று பிரிந்து போய் முடிகிற இடத்தில் இருந்தது கொங்கல குட்டா. பெயருக்குத்தான் கொக்குக் குன்று. அங்கே கொக்கு எதையும் அவர்கள் பார்த்ததில்லை. பாறைமேல் பாறை, அதன்மேல் இன்னொரு பாறை என்று, மூச்சுவிட்டால் உருண்டுவிடும்போல நிற்கும். ஆனால் உருண்டதில்லை. அவள் கணவன் கிருஷ்ணகுமார் முன்னால் ஏறுவான். ஏற ஏற அவன் முதுகுச் சட்டை நனையும். உச்சிக்குப் போகும்போது நனைந்தது காய்ந்து, வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் படிந்திருக்கும். அனுபமாவுக்கு அந்தக் கோடுகள் ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து துவைக்கும்போது, இந்த வாரம் எந்த நாடு என்று பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழி தவறிச் சுற்றியதில் உச்சிப்பொழுது ஆகிவிட்டது. மேலே, இரண்டு பெரும்பாறைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கும் நிழலில், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பாசிப்பச்சை நிறச் சேலை. இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு டப்பாவைத் திறந்தபோது அவள் சிரித்தாள்.

"தமிழா? செருப்பக் கழட்டிட்டுச் சாப்பிட உக்காரும்போதே நெனச்சேன்."

"நீங்களும் தமிழா?" என்று ஆச்சரியப்பட்டான் கிருஷ்ணகுமார். "இங்கிட்டு யாரையும் பாக்க முடியாதுன்னு நெனச்சோம்."

"ஆமா, எங்க வீடு ரயில்வே குடும்பம். லாலாகுடால இருந்தோம். இப்ப இங்கதான்." குன்றின் பின்பக்கத்தை நோக்கி முகவாயைத் திருப்பிக் காட்டினாள். அங்கே ஏதோ சின்ன ஊர் இருக்கும் என்று அனுபமா நினைத்துக்கொண்டாள்.

எதிரில் ஒருத்தி உட்கார்ந்திருக்க எப்படித் தனியாகத் தின்பது? அனுபமா டப்பாவை நீட்டினாள். அந்தப் பெண் ஒரு சகினாலுவை எடுத்து மூக்கருகே வைத்து நெடுநேரம் மோந்தாள். கடிக்கவில்லை. திருப்பி வைத்தாள்.

"வீட்டுல நெறையப் பேரு இருக்காங்க. எடுத்துட்டுப் போயி அவங்களோட சாப்பிடறேனே?"

"டப்பாவோடயே எடுத்துக்கங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறோம்" என்றாள் அனுபமா. அது அவளுடைய கல்யாணத்துக்குச் சித்தி வாங்கிக்கொடுத்த டப்பா. அடியில் பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பெயர் வெட்டியிருந்தது. அந்தப் பெண் டப்பாவைத் திருப்பி, புள்ளிகளை விரலால் தடவியபடி, பார்வையில்லாதவர் படிப்பதுபோல, "அனு... பமா" என்றாள். தன் பெயரை இன்னொருத்தி இவ்வளவு மெதுவாகச் சொல்லி அனுபமா கேட்டதில்லை.

இறங்கும்போதுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது. அந்தப் பெண்ணின் குதிகால் சுத்தமாக இருந்தது. செம்மண் குன்றில், வெறுங்காலோடு.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணைக் காணவில்லை. பாறை நிழலில் டப்பா மட்டும் இருந்தது. பளபளவென்று தேய்த்த டப்பா. கிருஷ்ணகுமார் மூடியைத் திறந்தான். உள்ளே சகினாலு மாதிரியே வளையங்கள். ஆனால் எள்ளில்லாமல், ஓமமில்லாமல், பொரிந்த நிறமே ஏறாமல், சுண்ணாம்பு வெள்ளை. தொட்டால் சூடு.

"பாத்தியா, காலியாக் குடுக்க மனசு வரல அவங்களுக்கு." அவன் ஒன்றைக் கடித்தான். மென்றான். "உப்பே இல்ல."

"அப்பக் கீழ வைங்க."

"இல்ல, நல்லாத்தான் இருக்கு." இரண்டாவதை எடுத்தான்.

அனுபமா ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். நனைந்த காகிதம் போல இருந்தது. திரும்பிக்கொண்டு கைக்குட்டையில் துப்பினாள். டப்பாவை எடுத்துப் பையில் போடப் போனவள் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அதே அளவு, அதே வார்ப்பு. ஆனால் புள்ளிகள் சொன்ன பெயர் வேறு. 'வசந்தகுமாரி.'

"டப்பா மாறிப்போச்சுங்க. இது அவங்களோடது."

"அடுத்த வாரம் மாத்திக்கலாம்."

"வச்சுட்டு எறங்கிருவோமா?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "வெறும் டப்பாவா குடுக்கப் போற? ஏதாவது போட்டுக் குடு அனு. என்ன நெனப்பாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் வளர்ந்த வீட்டில், காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது வீட்டுக்கு வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. அந்த வாரம் வேலை முடிந்து வந்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் காராச்சேவு பிழிந்தாள். வசந்தகுமாரியின் டப்பாவை நிரப்பிக்கொண்டு போனாள். மேலே அனுபமாவின் டப்பா, நிரம்பி, சூடாக, அதே நிழலில் இருந்தது. இதை வைத்து அதை எடுத்தார்கள். எடுத்ததை அவன் தின்ற பிறகு, வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடியும் வசந்தகுமாரியின் பெயர்தான் இருந்தது. மலையில் படித்தபோது தன் பெயராக இருந்தது என்று அனுபமா சத்தியம் செய்வாள். கிருஷ்ணகுமார் சிரித்தான். "வெயில்ல உனக்குக் கண்ணு கட்டிருச்சு."

இப்படியே வாரங்கள் போயின. மேலே ஒரு டப்பா, வீட்டில் ஒரு டப்பா. ஒன்று போனால் ஒன்று வந்தது.

முதலில் எறும்புகள்தான் அதைக் கண்டுகொண்டன. சமையல் மேடையில் அந்த வெள்ளை வளையத்தின் துணுக்கு ஒன்று சிந்திக் கிடந்தது. சர்க்கரைக் குப்பிக்கு வழக்கமாக வரிசை கட்டும் எறும்புகள், அதை நெருங்கும் இடத்தில் வளைந்து, அரைவட்டம் போட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி நேராகச் சென்றன. அனுபமா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துணுக்கைத் துடைத்துப் போட்டாள். துடைத்த பிறகும் எறும்புகள் அந்த அரைவட்டத்தை விடவில்லை.

பிறகு சாப்பாடு. "சாம்பார்ல உப்பு தூக்கலா இருக்கு" என்றான் கிருஷ்ணகுமார். குறைத்துப் போட்டாள். "இன்னும் கரிக்குதே." உப்பே போடாமல் ரசம் வைத்தாள். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினான். "பசிக்கல அனு." அலமாரியில் இருந்த வெள்ளை வளையங்களில் ஒன்றை எடுத்துப் பாதி உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மென்றான். முகத்தில் ஒரு நிம்மதி. கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலுக்கு அந்த முகம் கிடைத்ததில்லை. பொறாமை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அது பொறாமைதான், முதலில்.

பாலாநகரில் அவன் வேலை பார்த்த சின்னக் கம்பெனியில் காலையில் விரல் வைத்தால்தான் கதவு திறக்கும். ஒரு நாள் அந்த இயந்திரம் அவன் விரலை ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு எப்போதுமே ஏற்கவில்லை. காவலாளி வேணுகோபால் தினமும் எழுந்து வந்து தன் விரலை வைத்து அவனை உள்ளே விட வேண்டியிருந்தது.

"கையத் தொடச்சு வைங்க சார்னு சொல்றான். நானும் தொடச்சுத் தொடச்சுப் பாக்கறேன்" என்று வீட்டில் வந்து சொன்னான், வேறு யாருக்கோ நடந்ததுபோல. பேகம்பேட்டில் ஒரு துணிக்கடைக்குப் போனபோது, தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு அவன் முன்னால் திறக்காமல் நின்றது. அவன் பொறுமையாக நின்றுகொண்டிருந்தான். பின்னால் அனுபமா வந்ததும் திறந்தது.

அவள் உண்மையில் பயந்தது அன்று அல்ல. துணி துவைக்கும் நாளில்தான். அவனுடைய வாரச் சட்டைகளைக் காலர் காலராகத் தேய்க்க பிரஷ்ஷை எடுத்தாள். தேய்க்க எதுவுமே இல்லை. காலர்கள் கடையில் தொங்கும்போது இருந்ததைப் போலவே இருந்தன. மலைக்குப் போட்டுக்கொண்டு போன பனியனைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். உப்புக் கோடு இல்லை, நாடு இல்லை. மோந்து பார்த்தாள். அவன் வாசனை இல்லை. அலமாரியில் அடுக்கியிருந்த துணியின் வாசனைதான் வந்தது.

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். இந்த மனிதன் தன் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே போகிறான் என்பதும் தெரிந்தது. எப்படி நிறுத்துவது என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த முறை மேலே போனபோது, அவன் பாறை நிழலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கையில், அவள் குன்றின் பின்பக்கத்துக்கு நடந்துபோய்ப் பார்த்தாள். ஊரைக் காணவில்லை, ஒற்றைக் குடிசைகூட இல்லை. பழைய கல்குவாரிப் பள்ளம், அதில் அசையாமல் பச்சைத் தண்ணீர், அதற்கப்பால் முள்ளுக்காடு. அடுப்புப் புகை எங்கும் எழவில்லை. அவள் திரும்பி வந்தபோது அவன் கையில் இருந்த வளையத்திலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"இனிமே இங்கிட்டு வர வேணாங்க" என்றாள்.

"அவங்க டப்பா நம்மகிட்ட இருக்கே அனு."

"இருக்கட்டுமே."

"அடுத்தவங்க பொருளை வச்சுக்கிறதா?" நியாயமான ஒரு கேள்வியை நியாயமான குரலில் கேட்டான். அவளே வைத்துக்கொள்ள மாட்டாள். ஊரிலிருந்து வந்த பூக்காரியின் கூடையைக்கூட ஒரு நாள் அதிகமாக வைத்துக்கொள்ளாத வீட்டில் பிறந்தவள் அவள். டப்பாவை வைத்துக்கொள்ளவும் முடியாது, வெறுமனே திருப்பிக் கொடுக்கவும் முடியாது. நிரப்பிக் கொடுத்தால் நிரம்பி வரும். இதற்கு முடிவே கிடையாது. இப்படி ஒரு மரியாதையில் யாராவது மாட்டிக்கொள்வார்களா என்று நினைத்தாள். தங்களைப் போன்றவர்கள்தான் மாட்டுவார்கள் என்றும் நினைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பால்கனியில் நின்றபடி அவன் கேட்டான். தர்கா இருக்கும் மௌலா அலி மலையைக்கூட அவன் பார்க்கவில்லை. அதற்கும் அப்பால், கீசரா பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை போறப்ப, நான் அங்கயே கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா?"

அக்கா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்று கேட்கும் குரல். அவன் தோளில் கை வைத்தாள். ஜில்லென்று இல்லை, சூடாகவும் இல்லை. பாறை நிழல் மாதிரி இருந்தது.

"சரி" என்றாள். வேறு என்ன சொன்னாலும் அவன் அன்றைக்கே கிளம்பிவிடுவான் என்று தோன்றியது.

சனிக்கிழமை, அவன் எழுவதற்கு முன், வசந்தகுமாரியின் டப்பாவில் காராச்சேவை நிரப்பி எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள். அவளுடைய திட்டம் எளிமையானது. மரியாதையாகக் கொடுப்பது, தன் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொள்வது, இனி வர முடியாதென்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வது. நல்ல வார்த்தைக்கு மசியாதவர் யார்?

தனியாக ஏறியதில் பாதை நீண்டுவிட்டது. கொண்டுபோன தண்ணீர் பாதியிலேயே தீர்ந்தது. உச்சியை அடையும்போது வெயில் நேர் தலைக்கு மேல் நின்றது. அவள் நிழல் காலுக்கடியில் சுருண்டிருந்தது.

வசந்தகுமாரி இருந்தாள். மடியில் அனுபமாவின் டப்பா.

"வா. அவரு வரலையா?"

"இல்ல. நான் மட்டும்தான்." அனுபமா உட்கார்ந்தாள். "அக்கா, இனிமே எங்களால வர முடியாது. உங்க டப்பாவக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"குடு." கையை நீட்டினாள். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள், "உள்ள என்ன?"

"காராச்சேவு."

"அப்ப வருவீங்க" என்றாள் வசந்தகுமாரி, அன்பாக. "நெறச்சுக் குடுத்தா நாங்களும் நெறச்சுத்தானே அனுப்பணும். எங்களுக்கும் மரியாத இருக்கில்ல? உன் மாதிரி மனுஷங்க இப்ப எங்க கிடைக்கறாங்க. ஜிப்புக் கவர்ல எடுத்துட்டு வர்றாங்க, தின்னுட்டுக் கசக்கிப் போடறாங்க, போயிடறாங்க. டப்பா எடுத்துட்டு வர்றவங்களே கம்மி."

பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் அவள் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு சௌந்தரராஜன்னு. அவருக்கு இந்த நாசுக்கே தெரியாது. எங்களுக்கும் உங்கள மாதிரிதான், இதே எடம், ஒரு பெரியம்மா, டப்பா போறதும் வர்றதுமா. நான் இங்க அவங்களோட உக்காந்து சாப்ட்டுட்டிருக்கேன். மனுஷன் என்ன பண்ணாரு? டப்பாவக் கீழயே கவுத்துத் தட்டிட்டு ஏறி வந்து, வெறுமனே பெரியம்மா கையில நீட்டிட்டாரு. வெறும் டப்பா. எனக்கு எங்க மூஞ்சிய வச்சிக்கறதுன்னு தெரியல. அதோட அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சு முடிஞ்சுபோச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? டப்பா காலியாறப்ப, எங்க பலகாரத்தச் சாப்ட்டவங்க எங்க இருக்காங்களோ அங்கதான். நான் இங்க இருந்தேன். அவரு அத வாய்லயே வச்சதில்ல, எறங்கிட்டாரு. திரும்பி ஏறி ஏறி வந்தாரு, பாவம். என்னப் பாக்க முடியல அவருக்கு. அழுதுட்டே இந்தப் பாறையத் தடவிட்டுப் போவாரு." அவள் குரலில் வருத்தத்தைவிட அந்த மரியாதைக்கேட்டின் மேல் இருந்த கோபம்தான் தூக்கலாக இருந்தது. "காலியா குடுத்தாரும்மா. என்ன வளர்ப்போ."

எங்கோ கீழே ஒரு பைக் சத்தம் கேட்டது.

அனுபமா எழுந்து விளிம்புக்குப் போனாள். மண்பாதையில் செம்புழுதி எழும்பி வந்துகொண்டிருந்தது. புழுதிக்கு முன்னால் அவனுடைய நீலச் சட்டை.

"வர்றாரு பாரு" என்றாள் வசந்தகுமாரி பின்னாலிருந்து. அவள் சந்தோஷம் பொய்யில்லை. "உங்க வீட்டுக்காரருக்குத்தான் சூடா எடுத்து வச்சிருக்கேன்."

அனுபமா திரும்பி வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். காராச்சேவு வாய்வரை இருந்தது. கவிழ்த்துக் கொட்டிவிடலாம். ஆனால் இந்தப் பாறையில் கொட்டினால் அது கொடுத்ததாகத்தானே ஆகும்? யார் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் அவள்? ஒரு கை அள்ளி வாயில் போட்டாள்.

"பசியோட வந்தியா?" என்றாள் வசந்தகுமாரி.

அனுபமா மென்றாள். மிளகும் பூண்டும் உப்பும். வீட்டில் காரத்துக்கு ஊதி ஊதித் தின்னும் அவளுடைய காராச்சேவு, இந்த வெயிலில், வறண்ட வாயில் மணலாக அரைபட்டது. விழுங்கினாள். அடுத்த கை. கீழே பைக் நின்றது. ஸ்டாண்டு போடும் ஓசை பாறைகளில் பட்டு மேலே ஏறி வந்தது. அடுத்த கை. உதட்டோரம் எரிந்தது. கண்ணில் நீர் வழிந்து வாய்க்குள் இறங்கியது. அதிலும் உப்பு.

வசந்தகுமாரியின் முகம் மாறிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்மா" என்றாள் மெதுவாக. "கொஞ்சம் மிச்சம் வை. ஒண்ணே ஒண்ணு. பேருக்கு."

அனுபமா தலையாட்டிக்கொண்டே தின்றாள். எந்த விருந்தாளியும் எந்த வீட்டிலும் இப்படித் தின்றிருக்க மாட்டாள், வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கென்று கொண்டுவந்ததையே. வெட்கம் பிடரியில் சூடாக ஏறியது. பாறைகளின் இடுக்குகளிலெல்லாம் யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. சகுந்தலா அக்கா பேச்சுவாக்கில் சொன்ன மாதிரி, கை ஒடிந்துவிடும் என்று நிஜமாகவே தோன்றியது.

"அனு." கீழிருந்து அவன் குரல். "அனு, வர்றேன்."

ஏறத் தொடங்கிவிட்டானா, இன்னும் அடிவாரத்தில்தான் நிற்கிறானா? எட்டிப் பார்க்க நேரமில்லை. கடைசிக் கையை வாயில் திணித்தாள். டப்பாவைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினாள். விழுந்த தூளை நக்கினாள். மூலையில் ஒட்டியிருந்த ஒரு மிளகுத் துணுக்கை நகத்தால் நெம்பி எடுத்து அதையும் விழுங்கினாள். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையாலும், வெறும் டப்பாவை வசந்தகுமாரியிடம் நீட்டினாள்.

வசந்தகுமாரி வாங்கவில்லை. உள்ளே பார்த்தாள். பந்தி முழுக்க இலை போட்டு வைத்திருக்க ஒருவரும் வராத கல்யாண வீட்டுக்காரியின் முகமாக அது ஆனது.

"கழுவக்கூட இல்ல" என்றாள்.

அனுபமா டப்பாவை அவள் காலடியில் வைத்தாள். வசந்தகுமாரி மடியிலிருந்த அனுபமாவின் டப்பாவைத் தள்ளினாள். நிரம்பியிருந்தது, மூடியின் விளிம்பில் ஆவி முத்துக்கட்டியிருந்தது. அடியில் சித்தி வெட்டித் தந்த பெயர். "உன்னோடதையாவது எடுத்துட்டுப் போ."

அனுபமா அதைத் தொடாமல் திரும்பி நடந்தாள். "அனு... பமா" என்று ஒரு முறை கேட்டது, புள்ளி புள்ளியாகத் தடவிப் படிக்கும் குரலில். அவள் நிற்கவில்லை.

கிருஷ்ணகுமார் அடிவாரத்தில், முதல் பாறையில் ஒரு கால் வைத்தபடி நின்றுகொண்டிருந்தான். எதற்காக அந்தக் காலைத் தூக்கி வைத்தோம் என்று யோசிப்பவன் மாதிரி.

"நீ எதுக்கு தனியா வந்த? நான் எதுக்கு வந்தேன்?" நெற்றியைத் துடைத்துக்கொண்டு விரலை உற்றுப் பார்த்தான். ஈரம். "தண்ணி வச்சிருக்கியா? நாக்கு ஒட்டிக்கிட்டு நிக்குது."

உதடு வெந்திருந்தது. அவனுடைய பைக்கிலிருந்த பாட்டிலை எடுத்து முதலில் அவனுக்குக் கொடுத்தாள். மீதியைத் தான் குடித்தாள். திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டியில் அவன் பின்னாலேயே வந்தாள். கீசரா தாண்டுவதற்குள் நீலச் சட்டையின் முதுகில் ஒரு நனைந்த திட்டு உண்டாகி, கிளை பிரிந்து, தோள்வரை பரவியது. அதிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் சகுந்தலா அக்கா வந்தாள். கையில் டப்பா. "நாளைக்கு குட்டாவுக்குப் போவீங்கல்ல? பல்லி பட்டி போட்டேன், உங்க ஊரு கடலை மிட்டாய்தான். வெல்லம் கொஞ்சம் முறுகிப்போச்சு, சுகர்காரனுக்குக் காட்டாத."

"இனிமே மலைக்குப் போகலக்கா."

"கைக்கு?"

"தெருவுலயே நடக்கச் சொல்லிட்டேன்."

"அத நான் அன்னைக்கே சொன்னேன்" என்ற சகுந்தலா, உள்ளே எட்டிப் பார்த்தாள். கிருஷ்ணகுமார் தட்டின் முன் உட்கார்ந்து மூன்றாவது முறையாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தான். "நல்லா சாப்புடறானே இன்னைக்கு. அந்த டப்பாவ இப்பவே குடுத்துடு, நாளைக்கு மாமியார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவணும்."

அனுபமா பல்லி பட்டியைத் தட்டில் மாற்றினாள். டப்பாவைக் கழுவித் துடைத்தாள். கை தானாகச் சர்க்கரைக் குப்பிக்குப் போனது. ஒரு கரண்டி எடுத்தாள். டப்பாவின் வாய்க்கு மேல் கரண்டி நின்றது. மேடையில் எறும்புகள் நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தன, அந்த இடத்திலும்.

"அனு, சாம்பாருக்கு உப்பு பத்தல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை வாரம் காத்திருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு உப்பு ஜாடியைத் திறக்கப் போனாள். அதற்குள் அவன் தொடர்ந்தான், வாய் நிறையச் சோற்றோடு, சகஜமாக. "அக்காவுக்கு வெறும் டப்பாவா குடுக்கப் போற? ஏதாவது போட்டுக் குடு அனு."

மலைமேல் அன்று அவன் சொன்ன அதே வார்த்தைகள். உப்பு ஜாடியிலிருந்து கையை எடுத்தாள்.

பிறகு கரண்டியிலிருந்த சர்க்கரையைக் குப்பியிலேயே தட்டினாள். டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

சகுந்தலா வழக்கம்போல மூடியைத் திறந்தாள். சர்க்கரைக்காக விரல்கள் சேர்ந்து, உள்ளே போய், வெறும் எவர்சில்வரைத் தொட்டு நின்றன. அவள் நிமிர்ந்து அனுபமாவைப் பார்த்தாள். சிரிப்பு வரத் தொடங்கி, பாதியில் வழி தெரியாமல் நின்றுவிட்ட முகம்.

"சர்க்கரை தீந்துபோச்சா?" என்றாள்.

"இல்லக்கா" என்றாள் அனுபமா. "இருக்கு."